யோகி கரடி பக்கத்தில் சும்மாவே நிற்கிற பூ-பூ எதற்கு? சட்டை இல்லாத கரடிக்கு டை எதற்கு?

கேள்வி இதுதான்: "யோகி கரடி கார்ட்டூனில் பூ-பூ ஒன்றுமே செய்வதில்லை. பக்கத்தில் நின்று கண்ணைச் சிமிட்டுகிறது, ‘ரேஞ்சருக்கு (பூங்காக் காவலருக்கு) இது பிடிக்காது யோகி’ என்கிறது, அவ்வளவுதான். இப்படி ஒரு பாத்திரம் எதற்கு? உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல் கழுத்தில் மட்டும் டை எதற்கு?"

யாரோ நறுக்கிப் போட்ட இரண்டு நிமிடத் துண்டைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. பரவாயில்லை. ஆனால் "ஒன்றுமே செய்வதில்லை" என்றீர்களே, அதுதான் அவனுடைய உத்தியோகம். சும்மா நிற்பதற்கென்றே வரையப்பட்ட குட்டிக் கரடி அவன். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: காசு.

1957இல் ஹாலிவுட் பட நிறுவனமான எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை இழுத்து மூடியது. அங்கே டாம் அண்ட் ஜெர்ரி எடுத்துக்கொண்டிருந்த வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் சொந்தமாகக் கடை போட்டார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் ஐந்து நிமிடப் படத்துக்குத் தந்தது ஏறக்குறைய 3,000 டாலர். ஒரு டாம் அண்ட் ஜெர்ரி படத்துக்கு அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் செலவு செய்து பழகிய கைகள் அவை. 1958இல் ஹக்கிள்பெரி ஹவுண்ட் ஷோவின் ஒரு பகுதியாக யோகி வந்தது இந்தக் கஞ்சக் கணக்குக்குள்தான். 1961இல் யோகிக்குத் தனி நிகழ்ச்சியே கிடைத்தது.

கணக்கைப் பார்ப்போம். சினிமாவுக்கு விநாடிக்கு 24 பிரேம் (படச்சுருளின் ஒரு கட்டம்தான் பிரேம்). ஏழு நிமிடம் என்றால் 420 விநாடி, 10,080 பிரேம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேம் நிறுத்திப் பிடித்தாலும் ஒரே ஒரு பாத்திரத்துக்கு 5,040 படம் வரைய வேண்டும். 3,000 டாலரில் அது நடக்காது. அதனால் அசைவைக் குறைத்துப் பேச்சைக் கூட்டினார்கள். கதை முழுக்க வாயால் நடக்கிறது என்றால், பேசுகிறவனுக்கு எதிரே கேட்கிறவன் ஒருவன் வேண்டும். வில்லுப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து "ஆமாம்" போடுகிறவர் இல்லாவிட்டால் கதை சொல்கிறவர் தனியாகப் புலம்புவதுபோல ஆகிவிடுமே, அந்த மாதிரி. ஒரு வித்தியாசம், பூ-பூ ஆமாம் போடுவதில்லை. "ஆனா யோகி..." என்று இழுப்பான். அந்த "ஆனா"வுக்குப் பதில் சொல்லத்தான் யோகி அடுத்த பத்து விநாடி பேசுகிறான். வசனம் எழுதுகிறவருக்கு இதைவிட மலிவான எரிபொருள் கிடையாது.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்துக்குப் பின்னால் இருவரும் நிற்கிறார்கள். பூங்காவுக்கு வருகிறவர்களின் பிக்னிக் கூடையை எப்படி அமுக்குவது என்று யோகி எட்டு விநாடி விளக்குகிறான். 192 பிரேம். இந்த முறையில் யோகிக்கு என்ன வேண்டும்? உடம்பு 1, தலைச் சாய்வு 3, வாய் 7, கண் இமை 2, கையைத் தூக்கி விரலை ஆட்ட 4. மொத்தம் 17 படம். பூ-பூவுக்கு? உடம்பு 1, தலை 1, இமை 2. வெறும் நான்கு. ஆக 21 படத்தில் எட்டு விநாடி ஓடிவிடும். முழு அசைவில் இரண்டு பிரேமுக்கு ஒரு படம் என்று ஆளுக்கு 96, இரண்டு பேருக்கு 192. வித்தியாசம் புரிகிறதா? திரையில் இரண்டு பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவன் கிட்டத்தட்ட இலவசம்.

அவன் செய்யும் வேறு வேலைகளும் உண்டு. யோகி நின்றுகொண்டிருக்கிறான், அடுத்த நொடி வேஷம் போட்டுக்கொண்டு வர வேண்டும். நடுவில் உள்ள அசைவை வரையாமல் பூ-பூவின் முகத்துக்கு வெட்டிவிடலாம். இரண்டு விநாடி, ஒரு கண்சிமிட்டல், திரும்பி வந்தால் யோகி தயார். பெரிய மோதலா? திரைக்கு வெளியே தடாலென்று சத்தம், கேமராவில் ஒரு குலுக்கல், பூ-பூ முகத்தைச் சுளிக்கிறான். மோதலை ஒருவரும் வரையவில்லை. ஆனால் பார்த்ததுபோலவே இருக்கும்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல டிஸ்னி ரசிகர்கள் வரிசையாக வருவார்கள், தெரியும். நான் இதை டிஸ்னியின் ‘பாம்பி’ படத்தோடு ஒப்பிடவில்லை. ஆனால் எதை அசைக்கக் கூடாது என்று முடிவு செய்வதும் கைத்திறன்தான். அந்த முதல் ஆண்டுகளில் இதை வரைந்த கென்னத் மியூஸ் டாம் அண்ட் ஜெர்ரியில் வரைந்தவர். முழு அசைவு தெரியாத ஆட்கள் செய்த வேலை இல்லை இது.

இனி டை. அந்தக் காலத்தில் படங்களைச் செல் எனப்படும் கண்ணாடி போன்ற தாளில் மையால் கோடு போட்டு, பின்பக்கம் வண்ணம் பூசுவார்கள். உடம்பு ஒரு தாள், தலை அதன்மேல் ஒரு தாள், வாய் இன்னொன்று. உடம்பு தாளை அசைக்காமல் வைத்து, மேலே தலைத் தாளை மட்டும் மாற்றினால் சிக்கல் எங்கே வரும்? கழுத்தில். ஒவ்வொரு தலைப் படத்தின் அடிக்கோடும் உடம்பின் மேல்கோட்டோடு மயிரிழை பிசகாமல் சேர வேண்டும். சேராது. தலை மாறும்போதெல்லாம் கழுத்துக் கோடு துள்ளும், பழுப்பு வண்ணம் இரண்டு திட்டாகத் தெரியும். அந்த ஒட்டு விழும் இடத்தில் காலரையோ டையையோ வைத்துவிட்டால் கண் அதை ஆடையின் விளிம்பு என்று எடுத்துக்கொள்ளும், துள்ளல் தெரியாது. யோகிக்குக் காலரும் நீள டையும். பூ-பூவுக்குக் கழுத்தே கிடையாது, பெரிய தலை நேரே தோளில் உட்கார்ந்திருக்கும். அங்கே நீள டை தொங்கவிட்டால் உடம்பே மறைந்துவிடும், அதனால் தாடைக்கடியில் ஒரு போ-டை (பட்டாம்பூச்சி வடிவ முடிச்சு). அவர்களுடைய மற்றப் பாத்திரங்களையும் பாருங்கள்: ஹக்கிள்பெரி நாய்க்கு போ-டை, ஜிங்ஸ் பூனைக்கு போ-டை, பிக்ஸி எலிக்கு போ-டை, குவிக் டிரா குதிரைக்குக் கழுத்துக் கைக்குட்டை, பிறகு வந்த ஸ்கூபி-டூ நாய்க்குக் கழுத்துப்பட்டை. எல்லாம் தையல்காரர் வேலை இல்லை, ஒட்டுப் போட்ட இடத்தை மறைக்கும் வேலை.

தாள் அடுக்குவதில் இன்னொரு தொல்லை. செல் முழுக்க நிறமற்றது அல்ல. நான்கைந்து தாள் அடுக்கினால் அடியில் உள்ளது மங்கும். பூ-பூவின் தலை ஒரு ஷாட்டில் இரண்டாம் அடுக்கில் இருந்து அடுத்ததில் நான்காம் அடுக்குக்குப் போனால், அதே வண்ணம் பளிச்சென்று மாறித் தெரியும். அதற்கு வழி, அடுக்கின் எண்ணிக்கையை மாற்றவே கூடாது. படம் தேவையில்லாத இடத்தில் வெற்றுத் தாளைச் செருகி வைக்க வேண்டும். பழைய பிரதிகளில் பூ-பூவின் முகம் திடீரென்று ஒரு சாயல் மாறினால், யாரோ வெற்றுத் தாளை மறந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம்.

குரலிலும் இதே சிக்கனம். யோகிக்கு டாஸ் பட்லர். பூ-பூவுக்கு டான் மெசிக். ரேஞ்சர் ஸ்மித்துக்கும் அதே டான் மெசிக்தான்! ரேஞ்சருக்குப் பிடிக்காது என்று எச்சரிக்கிறவனும், பிடிக்காத ரேஞ்சரும் ஒரே ஆள். இரண்டே நடிகர்களை உட்கார வைத்து ஒரு முழுப் படத்தை முடித்துவிடலாம். (ஸ்கூபி-டூவும் மட்லி என்ற நாயும்கூட மெசிக்கின் தொண்டையில் இருந்து வந்தவைதான்.) யோகியின் பேச்சோ தி ஹனிமூனர்ஸ் தொடரில் ஆர்ட் கார்னி நடித்த நார்ட்டனின் சாயல். நார்ட்டன் அந்தத் தொடரில் யார்? கதாநாயகனின் கூட்டாளி. கூட்டாளியின் குரலை எடுத்து நாயகனுக்கு மாட்டிவிட்டார்கள். பிறகு அந்த நாயகனுக்கு ஒரு கூட்டாளி தேவைப்படாமல் இருக்குமா?

நீங்களே ஒரு பூ-பூவை அசைத்துப் பார்க்க நினைத்தால் (கேள்வியின் தொனியைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது), முதலில் குரலைப் பதிவு செய்யுங்கள், பிறகு வரையுங்கள். தலைகீழாகச் செய்தால் வாய் ஒருபோதும் சேராது. வசனத்தை பிரேம் பிரேமாகத் தாளில் பிரித்து எழுதுங்கள். ஏழு வாய் போதும்: மூடியது, பல் கடித்தது, கீழுதடு பல்லில் பட்டது, ஆ, ஈ, ஊ, நாக்கு தெரிவது. தமிழ் வசனத்தில் ழகரம் ளகரம் எல்லாம் வாய்க்குள்ளேயே நடப்பவை. அவற்றுக்குத் தனி வாய் தேவையில்லை. ஆனால் மகரமும் பகரமும் தப்பக் கூடாது. "அம்மா" என்னும்போது உதடு குறைந்தது இரண்டு பிரேம் மூடியிருக்க வேண்டும், ஒரு பிரேம் மட்டும் என்றால் கண்ணுக்குப் படாது. வாயை ஒலிக்கு ஒன்றிரண்டு பிரேம் முன்னாலேயே வையுங்கள். ஒலிக்குப் பின்னால் வந்தால் உடனே பிசகாகத் தெரியும், முன்னால் வந்தால் தெரியாது.

கேட்கிறவனை அசைப்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். அவனை முழுக்க உறைய வைத்தால் செயலி தொங்கிவிட்டதோ என்று தோன்றும். பயந்துபோய் நிறைய அசைத்தால் பேசுகிறவனிடமிருந்து கண் நழுவிவிடும். இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு சிமிட்டல், சரியான இடைவெளி இல்லாமல். பாதி மூடியது 2 பிரேம், முழுக்க மூடியது 2, பாதி 2, திறப்பு. யோகியின் வாக்கியம் முடிகிற இடத்தில் சிமிட்டினால் "புரிந்தது" என்று அர்த்தம், நடுவில் சிமிட்டினால் "நம்பவில்லை" என்று அர்த்தம். பூ-பூ பெரும்பாலும் நம்பாதவன். இருவரும் ஒரே பிரேமில் சிமிட்டினால் பொம்மைக் கடை ஆகிவிடும்.

தலை திரும்ப மூன்று படம்: நேர், சற்றுக் குனிந்தது, பக்கவாட்டு. இவற்றுக்கு இடைப்பட்ட படங்களைக் கணினியை நிரப்பச் சொல்லாதீர்கள், முகம் ரப்பர் மாதிரி வழுகும். தலைக்கு நான்கு பிரேம் முன்னால் கருவிழி திரும்பட்டும். கருவிழி எங்கே நோக்குகிறது என்பதுதான் முக்கியம். பூ-பூவின் தலை யோகியின் மார்பளவுதான் வரும். பார்வையை நேராக வைத்தால் அவன் யோகியின் டையோடு பேசிக்கொண்டிருப்பான். யோகியின் கண்ணைப் பார்க்கும்படி கருவிழியை மேலே ஏற்றுங்கள். அண்ணாந்து பார்க்கிற அந்தப் பார்வையில்தான் அவனுடைய மொத்த நட்பும் இருக்கிறது.

 

உயரத்தைப் பற்றிப் பேசியதால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இந்தப் படங்கள் 4:3 சட்டத்துக்கு (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) வரையப்பட்டவை. இப்போது அகலத் திரையை நிரப்புகிறேன் என்று 16:9 ஆக வெட்டிப் போடுகிறார்கள். அப்படி வெட்டினால் உயரத்தில் சரியாகக் கால்வாசி, 25 சதவீதம், போய்விடும். நெட்டை யோகியின் தொப்பியைக் காப்பாற்றச் சட்டத்தை மேலே ஏற்றினால் கீழே காணாமல் போகிறவன் யார்? மார்பளவு உயரமுள்ள பூ-பூ. பாதி ஷாட்டில் இரண்டு காது மட்டும் எட்டிப் பார்க்கும். அவன் ஒன்றும் செய்வதில்லை என்று உங்களுக்குத் தோன்றியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். வெட்டாமல் இழுத்துப் போடுகிறவர்கள் இன்னொரு ரகம்: எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகி, குட்டிக் கரடி பூசணிக்காய் ஆகிவிடுவான்.

போதாக்குறைக்கு வேகம். நம் ஊர்ப் பழைய ஒளிபரப்பு முறைக்குப் பெயர் ‘பால்’ (குடிக்கிற பால் இல்லை), விநாடிக்கு 25 பிரேம். 24 பிரேம் படத்தை அதில் அப்படியே ஓட்டினால் 4 சதவீதம் வேகம் கூடும். ஏழு நிமிடப் படம் 17 விநாடி முன்னதாக முடியும். குரலும் மேலே ஏறும். மெசிக் மூக்கடைத்த மாதிரி, அவசரமே இல்லாமல் பேசுகிற குரல் கொசு ரீங்காரமாகிவிடும். அப்படிப்பட்ட பிரதிகளும் இணையத்தில் ஏறியிருக்கலாம்.

பார்ப்பதற்கு முன் படத்தின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நல்ல பிரதி. இல்லாமல் யோகி தொந்தி பெருத்து நின்றால் ரிமோட்டில் பட அளவை 4:3க்கு மாற்றுங்கள், இழுத்துப் போட்டது சரியாகிவிடும். வெட்டிப் போட்டதாக இருந்தால் ரிமோட்டால் ஒன்றும் செய்ய முடியாது, வேறு பிரதிதான் தேட வேண்டும்.