டெலோ பிக்கப்புக்கு ஏன் மூக்கே இல்லை?

அமெரிக்காவின் புது நிறுவனமான டெலோவின் மின்சார பிக்கப், எம்டி1, முன்மூக்கே இல்லாமல் இருக்கிறதே, வண்டிப் பிரியர்களில் சிலர் கொண்டாட, சிலர் முகம் சுளிப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாம் நீளத்துக்காகத்தான். சுமார் 3.86 மீட்டர், நம்முடைய மலேசியக் கார் மைவியைவிடக் கொஞ்சம் குட்டை. ஆனாலும் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் 5 அடிச் சரக்குத் தட்டும் உண்டு. பின் சீட்டை மடக்கி நடுத்தடுப்பைத் திறந்தால் 8 அடிப் பலகையே உள்ளே போகும். முன்னால் எஞ்சின் கிடையாது, பேட்டரி வண்டித் தரைக்கு அடியில். அதனால் மூக்கை வெட்டிவிட்டார்கள்.

நீண்டு உயர்ந்த முன்பக்கம்தான் பிக்கப் என்று பழகிய கண்ணுக்கு இது பொம்மையாகத் தெரிகிறது. அதை விடுங்கள். பாதுகாப்புக் கேள்வி நியாயமானது: மோதினால் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள முன்னால் இடம் குறைவு.

எனக்கு இந்த வடிவம் ரொம்பப் பிடித்திருக்கிறது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் மாமா பழைய ஜப்பான் குட்டி லோரியில்தான் பூமாலைக் கூடைகளை ஏற்றுவார். அதற்கும் மூக்கில்லை. எஞ்சின் சீட்டுக்கு அடியில், மத்தியானம் ஓட்டிவிட்டு இறங்கினால் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். இரண்டு பேருக்கு மேல் இடமில்லை, அத்தை தனியாக ரயிலில் வருவார். ஆனால் மாமா இரண்டு கார்களுக்கு நடுவே ஒரே திருப்பில் நிறுத்திவிடுவார். டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப் 5 மீட்டரைத் தாண்டும், அந்தச் சந்தில் அது நுழையாது. எம்டி1-க்கும் லோரியின் அதே குட்டி உடம்பு, காலடியில் சூடு இல்லாமல், அத்தைக்கும் ஒரு சீட்டோடு. மாமாவிடம் படத்தைக் காட்டினேன், முதலில் தட்டின் நீளத்தைத்தான் கேட்டார்.