அலர்ஜி உள்ள கெரட்டோகோனஸ் கண்ணுக்கு டால்க் நல்லதா, பிகே நல்லதா?

கேட்டவர் தேவகோட்டைக்காரர். மகனுக்கு 20 வயது, கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்பாகத் துருத்துகிற நோய்), சின்ன வயதிலிருந்தே கண் அலர்ஜி. ஒரு டாக்டர் டால்க் (கருவிழியின் உள்படலத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் மாற்றுவது) செய்யலாம் என்கிறார், இன்னொருவர் கருவிழியை முழுசாக மாற்றிவிடலாம் என்கிறார், யார் சொல்வதைக் கேட்பது என்பது கேள்வி.

எனக்கும் இதே கதைதான். காரைக்குடிப் பக்கம் ஊர், பள்ளிக்கூட நாளிலிருந்து கண் அரிப்பு. வலது கண்ணில் முழு மாற்று (பிகே), சில வருஷம் கழித்து இடது கண்ணில் டால்க். நான் டாக்டர் இல்லை, இரண்டையும் அனுபவித்தவன், அவ்வளவுதான். என் பதில் இது: உள்படலம் கிழியாமல் இருந்தால் டால்க். ஆனால் எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் அலர்ஜி அடங்க வேண்டும், அது அடங்காத கண்ணில் எவ்வளவு கெட்டிக்கார டாக்டர் கை வைத்தாலும் பிறகு படாத பாடு படுவது நாம்தான்.

வித்தியாசம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கருவிழியின் மொத்தத் தடிமனே அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் முக்கால்வாசிக்கும் அதிகமான பங்கு ஸ்ட்ரோமா என்கிற நடு அடுக்கு, கெரட்டோகோனஸில் மெலிந்து கூம்பாகத் துருத்துவது இதுதான். அதற்கு உள்பக்கம் டெசிமெட் என்று ஒரு மெல்லிய படலம், அதன் மேல் ஒற்றை வரிசையாக எண்டோதீலியம் செல்கள். கருவிழிக்குள் நீர் தேங்காமல் வெளியேற்றித் தெளிவாக வைத்திருப்பது இந்தச் செல்கள்தான், போனால் திரும்ப முளைக்காது. கெரட்டோகோனஸ்காரர்களுக்கு இந்த உள்வரிசை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பிகே-யில் அதையும் சேர்த்து வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு தானமாக வந்த கருவிழியைத் தைக்கிறார்கள். 1905-ல் எட்வர்ட் சிர்ம் என்ற டாக்டர் முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்து காட்டியதிலிருந்து இருக்கிற முறை, பழகிய கை நிறைய உண்டு. டால்க்கில் கெட்டுப்போன ஸ்ட்ரோமாவை மட்டும் எடுத்துவிட்டு நம்முடைய டெசிமெட்டையும் எண்டோதீலியத்தையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இப்போது பலரும் செய்வது, 2002-ல் அன்வர், டைக்மன் என்ற இரண்டு டாக்டர்கள் எழுதிய பெரிய குமிழி முறை: ஸ்ட்ரோமாவுக்குள் ஊசி வழியாகக் காற்றைச் செலுத்தினால் அது உள்ளே குமிழியாகி அந்தப் படலத்தைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கும். பிரியும்போது படலம் ஓட்டையாகிவிட்டால் டேபிளிலேயே பிகே-க்கு மாறவேண்டி வரலாம். அதனால்தான் டால்க் என்று சொல்லிக் கூட்டிப்போனாலும் கையெழுத்து வாங்கும்போது இரண்டுக்கும் சேர்த்து வாங்குகிறார்கள், பயப்பட வேண்டாம்.

அலர்ஜிக் கண்ணுக்கு டால்க் ஏன் மேல்? பிகே-யில் வந்த எண்டோதீலியம் வேறொருவருடையது, உடம்பு எத்தனை வருஷம் கழித்தும் அதை எதிர்க்கலாம். கண் சிவந்து சிவந்து அழற்சி வருகிறவர்களுக்கு அந்த எதிர்ப்பு கிளம்ப வாய்ப்பும் அதிகம். டால்க்கில் உள்வரிசை நம்முடையது என்பதால் அந்தக் கவலை கிடையாது. ஸ்ட்ரோமாவில் நிராகரிப்பு வரலாம், ஆனால் அது பெரும்பாலும் சொட்டு மருந்துக்கே அடங்கிவிடும்.

அடுத்தது ஸ்டீராய்டு, இதைத்தான் யாரும் வீட்டாரிடம் உட்காரவைத்துச் சொல்வதில்லை. பிகே-க்குப் பிறகு ஸ்டீராய்டு சொட்டு ஒரு வருஷம், சிலருக்கு அதற்கும் மேல் போகும். டால்க்கில் பொதுவாகச் சில மாதங்களில் குறைத்து நிறுத்த முடிகிறது. நம் பிள்ளைகளோ ஏற்கெனவே மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்குச் சொட்டு குடுங்க" என்று வாங்கி வாங்கி வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு விட்டு வளர்ந்தவர்கள். அது கண் அழுத்தத்தை ஏற்றும், கண் நரம்பைக் கெடுக்கிற கிளாக்கோமாவும் புரையும் கொண்டுவரும். உங்கள் மகன் என்னென்ன சொட்டு விட்டிருக்கிறான் என்று பழைய சீட்டு, காலி பாட்டில் எது கிடைத்தாலும் எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டுக்கு அழுத்தம் ஏறுகிற கண் என்றால் டால்க் பக்கம் தராசு இன்னும் சாயும்.

ஆனால் ஒரு விஷயத்தில் டால்க் ஒரு சலுகையும் தராது, தையல். இரண்டிலும் அதே தலைமயிரை விட மெல்லிய நைலான் நூல், இரண்டிலும் சுற்றிவரத் தையல். அலர்ஜிக் கண்ணின் மேல் இமையைப் புரட்டினால் உள்ளே கூழாங்கல் பரப்பின மாதிரி மேடு மேடாக இருக்கும், ஒவ்வொரு இமைப்புக்கும் அது தையல் மேல் உரசும். என் பிகே கண்ணில் ஒரு தையல் குறிப்பிட்ட காலத்துக்கு முன்பே தளர்ந்துவிட்டது. காலையில் எழுந்தால் கண்ணில் மணல் விழுந்த உறுத்தல், நூல் நுனியில் வெள்ளையாகச் சளி சுற்றிக்கொண்டிருந்தது. சிலிட் லாம்ப் என்கிற கண் மைக்ராஸ்கோப்பில் தாடையை வைக்கச் சொல்லி, மரத்துப்போகிற சொட்டு விட்டு, டாக்டர் ஊசி நுனியால் அறுத்து உருவிவிட்டார், ஒரு நிமிஷ வேலை. அன்றைக்கே போகாமல் விட்டிருந்தால் அந்த நூல் வழியாகவே கிருமி ஏறும், ரத்தக்குழாய் வளர்ந்து நிராகரிப்புக்கு வழி போடும். அதனால் சர்ஜனிடம் தொடர் தையலா, தனித்தனித் தையலா என்று கேளுங்கள். அலர்ஜிக் கண்ணுக்குத் தனித்தனியாகப் போட்டால் தளர்ந்ததை மட்டும் எடுத்துவிடலாம்.

டால்க் எல்லோருக்கும் முடியாது. உங்கள் மகனுக்கு எப்போதாவது ஒரே நாளில் கண் வெள்ளையாகி வலித்துப் பார்வை போனதுண்டா? அது ஹைட்ராப்ஸ், டெசிமெட் கிழிந்து கருவிழிக்குள் நீர் புகுவது, கண்ணைக் கசக்குகிற அலர்ஜிக்காரர்களுக்குத்தான் அதிகம் வரும். கிழிந்து ஆறிய தழும்பில் காற்றை ஏற்றினால் திரும்பக் கிழியும், அதனால் குமிழி முறை சரிவராது. கையால் அடுக்கடுக்காகச் செதுக்கி எடுக்கிற சர்ஜன்கள் உண்டு, இல்லாவிட்டால் பிகே-தான். அந்த இரண்டாவது டாக்டர் பிகே சொன்னதற்கு இதுவே காரணமாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

பார்வை எதில் தெளிவு என்றால், டால்க்கில் ஸ்ட்ரோமா மிச்சம் வைக்காமல் எடுத்திருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டிலும் சிலிண்டர் பவர் (கருவிழி சமமாக வளையாததால் வருவது) நிற்கும், கண்ணாடியோ லென்ஸோ தேவைப்படும்.

அடிபடுவதையும் யோசியுங்கள். பிகே தைத்த விளிம்பு எத்தனை வருஷமானாலும் பழைய பலத்துக்கு வராது, பலமான அடி பட்டால் பிரிந்துவிடும். டால்க்கில் உள்படலம் நம்முடையதே தாங்கி நிற்பதால் கண் கொஞ்சம் உறுதி. தை மாதம் வந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு ஓடுகிற வயசுப் பையனை வீட்டில் கட்டிப்போட முடியுமா என்ன. எது செய்தாலும் அந்தக் கூட்டத்துக்குள் விடாதீர்கள், கபடியும் வேண்டாம்.

ஆபரேஷனே தேவையா என்றும் ஒரு முறை கேளுங்கள். நடுவில் தழும்பு இல்லாவிட்டால் ஸ்க்லீரல் லென்ஸில் (வெள்ளைவிழி மேல் உட்காருகிற பெரிய கான்டாக்ட் லென்ஸ்) நல்ல பார்வை கிடைக்கலாம், விலைதான் கை கடிக்கும். நோய் இன்னும் ஏறிக்கொண்டிருந்து, தடிமனும் போதுமான அளவு இருந்தால் சி3ஆர் (சொட்டு மருந்தும் புற ஊதா ஒளியும் கொண்டு கருவிழியை உறுதியாக்குவது) அதை நிறுத்தப் பார்க்கும். சென்னையில் டாக்டர் சூசன் ஜேக்கப் 2018-ல் வெளியிட்ட கெய்ர்ஸ் முறையில், தான கருவிழியிலிருந்து வெட்டிய வளையத் துண்டுகளை உள்ளே செருகுகிறார்கள், அதற்கும் சிலர் பொருந்துவார்கள்.

ஆபரேஷன்தான் என்று முடிவானால் அவசரப்படாமல் கண் நன்றாக வெளுத்து அமைதியான பிறகு தேதி வாங்குங்கள். அலர்ஜிக்கு ஒலோபடடின், தேவைப்பட்டால் சைக்ளோஸ்போரின் சொட்டு, டாக்ரோலிமஸ் களிம்பு என்று ஸ்டீராய்டு இல்லாத மருந்துகள் இருக்கின்றன, அவற்றை ஆபரேஷனுக்குப் பிறகும் விடாமல் போடவேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல் போடுகிற தொழில், சிமெண்டும் மணலும் பறக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு பட்டறைப் பக்கமே என்னை விடவில்லை, வெளியே போனால் பக்கம் மூடிய கண்ணாடி. கருவேலம் பூக்கிற சமயத்தில் அரிப்பு வந்தால் ஐஸ் ஒத்தடம், பிரிசர்வேட்டிவ் இல்லாத கண்ணீர்ச் சொட்டு. கையை மட்டும் கண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது, தூக்கத்தில் கசக்குகிறவன் என்றால் ராத்திரி ஷீல்டு கட்டிவிடுங்கள்.

அப்புறம் சிவப்பு, வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல், இதில் எது புதிதாக வந்தாலும் அலர்ஜிதானே என்று திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் அன்றைக்கே மதுரைக்குப் பஸ் ஏறிவிடுங்கள். நிராகரிப்பும் அலர்ஜியும் நம் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், சிலிட் லாம்பில் பார்க்கிறவருக்குத்தான் பிரித்துச் சொல்லத் தெரியும்.