பாறைக்கரை நத்தைக்குள் தட்டைப்புழு என்ன செய்கிறது?

லுக்குட் தோட்டப்புறத்திலிருந்து பள்ளி விடுமுறையில் போர்ட்டிக்சன் பாறைக்கரைக்குச் சென்று வந்த உங்கள் பிள்ளைகள், ஒட்டுண்ணிப் புழு புகுந்த நத்தை செத்துவிடுமா என்று கேட்பதாக எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் உடனே சாவதில்லை. மரத்தைச் சாகவிடாமல் ரப்பர்ப் பால் மட்டும் வெட்டி எடுப்பதைப் போலத்தான் இப்புழுவும் நடந்துகொள்கிறது.

இதில் மிகுதியாக ஆராயப்பட்டது நம் கரையில் இல்லாத, வட அட்லாண்டிக் பாறைகளில் வாழும் லிட்டோரினா லிட்டோரியா என்னும் நத்தை. கடற்காகத்தின் எச்சத்தில் கிடக்கும் கிரிப்டோகொட்டைல் லிங்குவா புழுவின் முட்டையை, பாசியை மேயும்போது நத்தை சேர்த்து விழுங்கிவிடுகிறது. உள்ளே பொரிக்கும் இளவுயிரி, இணைசேராமலேயே பெருகி, செரிமானச் சுரப்பியையும் இனப்பெருக்க உறுப்பையும் ஆக்கிரமித்து, வாலுள்ள குஞ்சுகளைத் தொடர்ந்து கடலில் விடுகிறது. அவை மீனின் தோலில் புகுந்து கூடு கட்டிக்கொள்ள, அந்த மீனைத் தின்னும் பறவையின் குடலில் புழு முதிர்ச்சியடைகிறது.

நத்தையோ உயிருடன் ஊர்ந்துகொண்டிருந்தாலும் மலடாகிவிடுகிறது. என் பார்வையில் இதைவிட வியப்பானது அதன் பசி குறைவதுதான்: 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், புழுவில்லாத நத்தைகள் புழுவுள்ளவற்றைவிட 40 விழுக்காடு அதிகமாகப் பாசியைத் தின்றன. அதாவது, கண்ணுக்கு எளிதில் தெரியாத புழு, பாறையில் எவ்வளவு பாசி வளரும் என்பதையும் மாற்றக்கூடும்.

நத்தை ஓட்டைத் தொடுவதால் பிள்ளைகளுக்கு இப்புழு தொற்றாது. ஆயினும் பறவைகளின் இரத்தத்தில் வாழும் வேறு சில தட்டைப்புழுக்களின் குஞ்சுகள், நீரில் இறங்குவோரின் தோலைத் துளைத்து, அங்கேயே மடிந்து, சில நாள் அரிப்பை உண்டாக்குவதுண்டு.