பத்தில் ஐந்து போய் இரண்டு போனால் ஏழு

அன்புள்ள ஐயா,

ஏபிஎல் (APL) என்ற நிரல்மொழியைக் கற்க ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. 10-5-2 என்று கொடுத்தால் 7 வருகிறது. வலமிருந்து இடமாகப் போகும் என்றார்கள், சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் ஒரு வரிசை எண்களைக் கூட்ட +/ எழுதும்போது / தனக்கு வேண்டியதை இடப்பக்கம் தேடுகிறதே, இது என்ன கணக்கு?

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் குழம்பியது சரியான இடத்தில்தான். + - × எல்லாம் ஏபிஎல்லில் ஃபங்ஷன்கள், எண்களை வாங்கி வேலை செய்பவை. / ஆபரேட்டர், அது ஒரு ஃபங்ஷனையே வாங்கிப் புது ஃபங்ஷன் ஆக்கும். மற்ற மொழிகளில் கூட்டல் குறியையே ஆபரேட்டர் என்று சொல்லிப் பழகியதால் வரும் வினை இது.

ஃபங்ஷன் தனக்கு வலப்பக்கம் உள்ள அத்தனையையும் வாரி எடுத்துக்கொள்ளும், இடப்பக்கம் ஒட்டி நிற்கும் ஒன்றை மட்டும் தொடும். அதனால் உங்களுடையது 10-(5-2). பெருக்கலுக்கும் சலுகை கிடையாது, 2×3+4 என்றால் 14. இத்தனை குறிகளுக்கும் முன்னுரிமைப் பட்டியல் போட்டால் யார் மனப்பாடம் செய்வது?

ஆபரேட்டர் இதற்கு நேர் எதிர். அது பிடிப்பது இடப்பக்கத்தை, அதுவும் ஃபங்ஷனுக்கு முன்பே பிடித்துவிடும். +.×/ என்று எழுதினால் (நடுவிலுள்ள புள்ளியும் ஓர் ஆபரேட்டர்தான், +, × இரண்டையும் சேர்த்து ஒரே ஃபங்ஷன் ஆக்கும்) / பிடிப்பது வெறும் × அல்ல, +.× முழுவதையும். அதற்கும் முன்னால், இடைவெளி விட்டு எழுதிய 10 5 2 ஒரே வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். இப்போது -/10 5 2 போட்டுப் பாருங்கள், அதே 7. எண்களுக்கு நடுவே கழித்தல் குறியைச் செருகுவதுதான் -/ செய்யும் வேலை, அதனால் பள்ளிக்கூட முறையில் 10-5+2 என்று எழுதும், குறி மாறி மாறி வரும் கூட்டுத்தொகை சும்மா கிடைத்துவிடுகிறது. இந்த வலமிருந்து இட விதிக்கு, ஏபிஎல்லை உருவாக்கிய ஐவர்சன் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று, எனக்குப் பிடித்ததும் இதுதான்.

இன்னொன்று, +/⍳10 (⍳10 என்றால் 1 முதல் 10 வரையிலான எண்கள்) என்பதை ஆங்கிலத்தில் இடமிருந்து படிப்பார்கள். தமிழில் வலமிருந்து படித்தால் அப்படியே வாக்கியம் ஆகிவிடும்: பத்து வரையிலான எண்களின் கூட்டுத்தொகை, 55. (இருபக்கமும் எண் வாங்கும் ஃபங்ஷன் வந்தால் இந்த வசதி கொஞ்சம் இடிக்கும்.)

நானும் பட்டவன்தான். வீட்டுக்கணக்கில் இருப்பு 1000, செலவு 200, வரவு 300 என்று 1000-200+300 போட்டுவிட்டு, 500 வந்ததும் அரை மணி நேரம் ரசீதுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. இப்போதெல்லாம் வரவை முன்னால் போட்டுவிடுகிறேன், 300+1000-200. அடைப்புக்குறியே வேண்டாம்.