கோதுமையை நிறுத்திய பின் பாலும் வெங்காயமும் கூட ஒத்துக்கொள்ளவில்லை, இப்படி நடக்குமா?

நடக்கும். எனக்கு நடந்தது.

நான்கு மாதமாகப் பாண், பரோட்டா, பிஸ்கட் எல்லாவற்றையும் விட்டு வயிற்று ஊதல் அடங்கி வரும்போது பால் தேத்தண்ணீரும் வெங்காயமும் புதிதாகத் தொல்லை தருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கோதுமையால் குடல் பழுதாகும் சீலியாக் என்ற நோய் இருக்கிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதனால் நீங்களும் என்னைப் போல யாரோ சொன்னதைக் கேட்டு நீங்களாகவே நிறுத்தியவர் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் கோபிக்க வேண்டாம்.

நான் திருகோணமலை. எங்கள் துறைமுகத்தில் சீனக்குடாப் பக்கம் 1980 முதல் ஓடும் பெரிய கோதுமை மா ஆலை இருக்கிறது. இலங்கையில் கோதுமை விளைச்சல் கிடையாது, எல்லாம் கப்பலில் வந்துதான் அரைபடுகிறது. காலையில் பாண், பின்னேரம் ரோல்ஸ், இரவுக்குப் புட்டு அல்லது ரொட்டி, இப்படித்தான் நாங்கள் வளர்ந்தோம். புட்டு என்றால் அரிசி மா என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். எங்கள் வீட்டில் அரைவாசிக்கு அரைவாசி கோதுமை மா, துணியில் கட்டி அவித்து அரித்தது. என் அப்பம்மா கடைசி வரைக்கும் அதை அமெரிக்கன் மா என்றுதான் சொன்னார்.

எனக்கு இருபத்தைந்து வயதிலிருந்தே இரத்தம் குறைவு. குளிசை போட்டால் ஏறும், விட்டால் இறங்கும், ஒருமுறை ஹீமோகுளோபின் 8.4 வரைக்கும் போனது. வயிறு பொருமும், வெளிக்குப் போவதில் ஒழுங்கே கிடையாது. பத்துப் பன்னிரண்டு வருடம் நான் பார்த்த எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: பெண்களுக்கு இரத்தம் குறையும், கீரை சாப்பிடுங்கள், நேரத்துக்குச் சாப்பிடாததால் காஸ்ட்ரைட்டிஸ். நான் கீரை சாப்பிடாத நாள் கிடையாது.

பிறகு கனடாவில் இருக்கும் அக்கா போனில் கதைக்கும்போது, மாச்சாமானை ஒரு மாதம் விட்டுப் பார் என்றாள். விட்டேன். மூன்றாம் கிழமை எனக்கே நம்ப முடியவில்லை, வயிறு அப்படி அமைதியாகக் கிடந்தது. பின்னேரத்தில் படுக்காமல் வேலை செய்ய முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் பிழை விட்டேன், வைத்தியரிடம் போகவே இல்லை. ஏழு மாதம் அப்படியே ஓட்டினேன்.

உங்கள் கதை மாதிரியே இரண்டாம் மாதமளவில் பால் தேத்தண்ணீர் குடித்தால் அரை மணித்தியாலத்தில் வயிறு இரைந்தது. முன்பும் அப்படித்தான் இருந்திருக்கும், எல்லாம் சேர்ந்து குழம்பிக் கிடந்ததால் எது எதனால் என்று தெரியவில்லை, பெரிய சத்தம் நின்ற பிறகுதான் சின்னச் சத்தம் கேட்டது. பிறகு வெங்காயம், உள்ளி, பருப்பு. ஒவ்வொன்றாக விட்டு விட்டு ஒரு கட்டத்தில் சோறும் மீனும் வாழைப்பழமும்தான் மிச்சம். மூன்று கிலோ குறைந்தேன். அம்மா அழுதார்.

அப்போதுதான் ஒரு வைத்திய நிபுணரிடம் காட்டினேன். சீலியாக் என்று ஒரு நோய் இருக்கிறது, கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கும், உங்களுக்கு அது இருக்கலாம், ஆனால் ஏழு மாதம் சாப்பிடாமல் இருந்துவிட்டு வந்தால் நான் எதை வைத்துச் சொல்வது என்று கேட்டார். இப்படித் தாக்கும்போது உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனை, நீங்கள் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டு இருந்தால்தான் சரியாகக் காட்டும். விட்டுவிட்டால் மெல்ல மெல்ல இறங்கி ஒன்றும் இல்லை என்று வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது.

திரும்ப ஒவ்வொரு நாளும் இரண்டு துண்டுப் பாண் சாப்பிடச் சொன்னார், ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு. அந்த நாட்களை நினைக்க இப்போதும் உடம்பு கூசுகிறது. காலையில் அந்த இரண்டு துண்டையும் மருந்து மாதிரி மென்று விழுங்கிவிட்டு வேலைக்குப் போவேன், பதினொரு மணிக்குள் ஆரம்பிக்கும்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. நான் வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு ஒரே ஒரு கழிவறை. அதன் திறப்பு இன்னொருவரின் லாச்சிக்குள். அவர் இடத்தில் இல்லையென்றால் காத்து நிற்க வேண்டும். இரண்டு தடவை எழுத்தில் கொடுத்தேன், கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன், பார்ப்போம் என்றார்கள். அதே ஆட்கள் மாதா மாதம் பிறந்தநாள் கேக்குக்கும் ரோல்ஸுக்கும் தவறாமல் என்னிடம் காசு வாங்குகிறார்கள், நான் அதில் ஒரு துண்டும் சாப்பிட முடியாது என்று தெரிந்தும். ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு திறப்பை ஆணியில் தொங்கவிட எவ்வளவு செலவாகும்? கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் வயிற்று வருத்தம் உள்ள பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

சரி. ஏழாவது கிழமை திரும்ப இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள், இந்த முறை உயர்ந்து வந்தது. பிறகு கொழும்பில் எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலின் தொடக்கத்தில் கிள்ளி எடுத்துப் பார்த்ததில் உறுதியானது. பள்ளிக்கூடத்தில் சடைமுளை என்று படித்தோமே, குடலின் உட்சுவரில் விரல் மாதிரி நீட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சுவது, எனக்கு அது தேய்ந்து தட்டையாகக் கிடந்ததாம். இரும்புச் சத்து ஏன் நிற்கவில்லை என்பதற்கு அன்றுதான் பதில் கிடைத்தது.

பாலுக்கும் பதில் அதிலேயே இருந்தது. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் நொதியம் அந்தச் சடைமுளையின் நுனியில்தான் சுரக்கிறது. நுனி தேய்ந்தால் அதுவும் போய்விடும், குடல் ஆறி வர அதுவும் திரும்பும். அதனால் பால் உங்களுக்குப் புது எதிரி என்று முடிவு கட்ட வேண்டாம். எனக்கு ஒரு வருடம் எடுத்தது. முதலில் தயிர் ஒத்துக்கொண்டது, உறைய வைக்கும்போதே லாக்டோஸ் கொஞ்சம் குறைந்துவிடுகிறது அல்லவா.

வெங்காயம் வேறு கதை. வெங்காயத்திலும் உள்ளியிலும் ஃபிரக்டான் என்று ஒருவகை மாச்சத்து இருக்கிறது, அது கோதுமையிலும் இருக்கிறது. சீலியாக் இல்லாமலே இந்த ஃபிரக்டான் மட்டும் ஒத்துக்கொள்ளாத ஆட்கள் இருக்கிறார்கள், கோதுமையை விட்டதும் அவர்களுக்கும் சுகம் தெரியும், குளூட்டன்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று நானோ இங்கே பதில் எழுதும் வேறு யாருமோ சொல்ல முடியாது. எனக்கு இன்றைக்கும் வெங்காயம் அவ்வளவாகச் சரிவராது. எண்ணெயில் வதக்கி வெங்காயத்தை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் கறி வைக்கிறேன், ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது, வாசம் மட்டும் வரும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் பிரச்சினை தருவதில்லை.

இதை வாசித்துவிட்டு கோதுமை நஞ்சு என்று சொல்கிறாள் என யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் வீட்டில் மற்ற மூன்று பேரும் பாண் சாப்பிடுகிறார்கள், நான்தான் வாங்கி வருகிறேன். நான் வைத்தியரும் இல்லை. அம்மாவிடம் கேட்டால், சின்ன வயதிலேயே உனக்கு வயிறு சரியில்லை என்பார். 1990இல் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது எனக்கு ஒன்பது வயது, நிவாரணமாகக் கிடைத்த மாவில் அம்மா தினமும் ரொட்டி சுட்டார். எனக்கு வயிற்றுக்குத்து, பூச்சி என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 1944-45 பஞ்சத்தில் நெதர்லாந்தில் பாண் இல்லாமல் போக, இந்த நோய் உள்ள பிள்ளைகள் தேறினார்களாம், டிக்கே என்ற குழந்தை வைத்தியர் அதைக் கவனித்திருக்கிறார். அதைப் படித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அப்போதே எனக்கு இந்த நோய் இருந்ததா என்று நிரூபிக்க வழியில்லை, ஆனால் அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

அப்புறம், நிறுத்தியும் முழுதாகச் சுகம் வராததற்கு ஒரு காரணம் என் குசினியிலேயே இருந்தது. அரிசி மாவும் கோதுமை மாவும் ஒரே அரிதட்டில்தான் அரித்தோம். அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், விளிம்பில் கம்பி வலை மடியும் இடத்தில் வருடக்கணக்கான மா கல்லாக இறுகிக் கிடந்தது. இடியப்ப உரலின் துளைகளிலும் அப்படித்தான். புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி பனையோலைப் பின்னல், எவ்வளவு கழுவினாலும் இடுக்கில் நிற்கும். எல்லாவற்றையும் எனக்குப் புதிதாக வாங்கினேன். அரைக்கும் மில்லில் முன்னால் என்ன அரைத்தது என்று கேட்பேன், கோதுமை கலந்த சத்துமா என்றால் திரும்பி வந்துவிடுவேன். பெருங்காயத் தூளில் கோதுமை மா கலப்பார்கள், சோயா சோஸிலும் கோதுமை இருக்கும், மோல்ட் போட்ட பான மாவில் பார்லி. இடியப்பக் கடையில் அரிசி மா என்றுதான் சொல்வார்கள், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் நான் வாங்குவதில்லை. சிவப்பரிசி மா, குரக்கன், ஒடியல், மரவள்ளி, இவற்றை வைத்து எங்கள் ஊரில் தாராளமாக வாழலாம், கனடாவிலிருந்து பெட்டி வர வேண்டியதில்லை.

போன பொங்கலுக்குப் பாலில் பொங்கிய புக்கை ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். ஒன்றும் செய்யவில்லை. நீங்கள் வைத்தியரிடம் போகும்போது எந்தத் திகதியில் கோதுமையை நிறுத்தினீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார். உங்கள் வீட்டில் அரிதட்டு ஒன்றா இரண்டா என்று எனக்கும் எழுதுங்கள்.