வீட்ல மியூசிக் பண்ண எந்த சாஃப்ட்வேர், எந்த இன்ஸ்ட்ருமென்ட்? உங்க கேள்விகளுக்கு பதில்

சேர்ந்து போன கேள்விகள ஒரே மூச்சுல உக்காந்து பதில் எழுதிட்டேன். ஒரே மாதிரி இருந்தத ஒண்ணாக்கிட்டேன், அதனால உங்க கேள்வி அப்படியே இல்லன்னாலும் பதில் உள்ள எங்கயாவது இருக்கும்.

கேள்வி: அண்ணா, புதுசா ஆரம்பிக்கிறேன். விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ரேம். ஒரு ஃப்ரெண்ட் எஃப்எல் ஸ்டூடியோங்கிறான், இன்னொருத்தன் ஏபிள்டன்ங்கிறான், வீடியோல எல்லாம் க்யூபேஸ்னு சொல்றாங்க. எதை எடுக்கிறது?

மூணு பேர் சொல்றதும் சரிதான், அவங்கவங்க பாட்டு கட்டுற விதத்துக்கு எது ஒத்து வந்துச்சோ அத சொல்றாங்க. நீங்க முதல்ல யோசிக்க வேண்டியது, உங்களுக்கு பாட்டு எங்கேர்ந்து ஆரம்பிக்குதுங்கிறது. பீட் ஒண்ணு போட்டு அது ஓடிட்டே இருக்க அது மேல ஒவ்வொண்ணா அடுக்கிட்டே போற ஆளுன்னா எஃப்எல் ஸ்டூடியோ சீக்கிரம் கைக்கு வந்துரும், அதுல ஸ்டெப் சீக்வென்சர்னு 16 கட்டம் இருக்கும், கிக் (ட்ரம்ஸோட கனமான அடி) எந்த இடத்துல விழணுமோ அந்த கட்டத்த தட்டுனா போதும். சின்னச் சின்ன துண்டா வாசிச்சு வெச்சுக்கிட்டு எது எதோட சேருதுன்னு ஓடவிட்டே பாக்கணும்னா ஏபிள்டன் லைவ்ல இருக்கிற செஷன் வியூ அதுக்குன்னே செஞ்சது. குரல், கிடார்னு மைக் வெச்சு நிறைய ரெக்கார்ட் பண்ணுவீங்கன்னா ரீப்பர் இல்லன்னா க்யூபேஸ்.

ரீப்பர 60 நாள் எந்த வசதியும் குறைக்காம முழுசா குடுக்கிறாங்க, இன்ஸ்டால் ஃபைலும் ரொம்ப சின்னது, பழைய லேப்டாப்ல கூட ஓடும். எஃப்எல் ட்ரையல்ல ஒரு விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கோங்க, சேவ் பண்ணலாம், ஆனா லைசென்ஸ் வாங்குற வரைக்கும் அந்த ப்ராஜெக்ட்ட திரும்ப திறக்க முடியாது, அதனால ட்ரையல்ல பண்றத ஒரே உக்காரல்ல முடிச்சு ஆடியோவா எக்ஸ்போர்ட் பண்ணிருங்க. ஆனா ஒரு தடவ வாங்கிட்டா அதுக்கப்புறம் வர்ற அப்டேட் எல்லாம் ஆயுசுக்கும் ஃப்ரீ, இது பெரிய விஷயம்.

நான் சொல்ற வழி இதுதான்: எட்டு பார் நீளத்துக்கு ஒரே ட்யூன எடுத்து ரெண்டு சாஃப்ட்வேர்ல போட்டுப் பாருங்க. எதுல ட்யூன மறக்காம முடிச்சீங்களோ அதுதான் உங்களுது, எதுல மெனு தேடித் தேடியே ட்யூன் மறந்து போச்சோ அது வேணாம். முடிவு பண்ணிட்டா ஆறு மாசம் மாத்தாதீங்க, ப்ளீஸ். எல்லாத்துலயும் அடியில இருக்கிறது ஒண்ணுதான், மிடி நோட் (எந்த கட்டை, எப்போ, எவ்வளவு அழுத்தம்ங்கிற குறிப்பு, சத்தம் இல்ல), ஆடியோ க்ளிப், மிக்சர். 8 ஜிபி ரேம் சின்த் (சத்தத்த தானே உருவாக்குற இன்ஸ்ட்ருமென்ட்), ட்ரம்ஸுக்கெல்லாம் தாராளம், பெரிய ஆர்கெஸ்ட்ரா லைப்ரரி (ரெக்கார்ட் பண்ண வாத்திய சத்தங்களோட தொகுப்பு) போகும்போதுதான் 16க்கு மேல தேவைப்படும்.

ஆடாசிட்டி போதாதான்னும் ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. அது ரெக்கார்ட் பண்ணி வெட்டி ஒட்ட நல்ல கருவி, ஆனா விர்ச்சுவல் இன்ஸ்ட்ருமென்ட் (கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற வாத்தியம்) வெச்சு வாசிக்க அது சரிப்படாது.

கேள்வி: மேக்ல காரேஜ்பேண்ட் ஃப்ரீயா இருக்கு. அது சின்னப் பசங்க விளையாடுறதுன்னு சொல்றாங்களே?

அப்படி சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க, போதும், தாராளமா போதும். வெளியேர்ந்து ஏயூ ப்ளக்இன் (சாஃப்ட்வேருக்குள்ள சேத்துக்கிற கூடுதல் இன்ஸ்ட்ருமென்ட், எஃபெக்ட்; ஏயூங்கிறது ஆப்பிள் வகை) போட்டுக்கலாம், அதுல பண்ண ப்ராஜெக்ட்ட பின்னாடி ஆப்பிளோட பெரிய சாஃப்ட்வேரான லாஜிக்ல அப்படியே திறந்து தொடரலாம். குறைன்னு காரேஜ்பேண்ட்ல நீங்களே ஒண்ண கண்டுபிடிக்கிற வரைக்கும் லாஜிக் வாங்காதீங்க.

கேள்வி: ஒரு ஃப்ரீ ப்ளக்இன் இறக்கி இன்ஸ்டால் பண்ணேன், லிஸ்ட்ல வரவே மாட்டேங்குது.

பத்துல ஒம்பது தடவ ஃபார்மட் பிரச்சனையா இருக்கும். ப்ளக்இன்ல பல வகை ஃபார்மட் இருக்கு: விஎஸ்டிங்கிறது ஸ்டைன்பர்க் கம்பெனி 1996ல க்யூபேஸோட கொண்டு வந்தது, ஏயூ ஆப்பிளோடது, ஏஏஎக்ஸ் ப்ரோ டூல்ஸுக்கு. லாஜிக்கும் காரேஜ்பேண்டும் ஏயூ மட்டும்தான் எடுக்கும், நீங்க விஎஸ்டி போட்டுட்டு எவ்வளவு தேடினாலும் வராது. விண்டோஸ்ல விஎஸ்டி3 எல்லாம் ப்ரோக்ராம் ஃபைல்ஸ், அதுக்குள்ள காமன் ஃபைல்ஸ், அதுக்குள்ள விஎஸ்டி3ங்கிற ஃபோல்டர்ல இருக்கணும், கைல இறக்கின ஃபைல வேற எங்கயோ போட்டிருந்தா அங்க மாத்திட்டு செட்டிங்ஸ்ல ரீஸ்கேன் குடுங்க. அதுக்கும் வரலன்னா அது பழைய 32 பிட் ப்ளக்இனா இருக்கும், விட்டுட்டு வேற பாருங்க.

கேள்வி: ஒரு பியானோ 50 எம்பி தான், இன்னொண்ணு பல ஜிபி. பெருசுதான் நல்லதா?

அளவுல என்ன இருக்குன்னு தெரிஞ்சா இந்த கேள்வி தானா தீந்துரும். சாம்பிள் பியானோன்னா நிஜ பியானோவ மைக் வெச்சு ஒவ்வொரு கட்டையா அடிச்சு ரெக்கார்ட் பண்ணது. ஃப்ரீயா கிடைக்கிற சாலமாண்டர் கிராண்ட் பியானோவ எடுத்துக்கோங்க, ஒரு யமஹா சி5 கிராண்ட்ல மூணு அரைஸ்வரத்துக்கு ஒரு கட்டைன்னு 30 கட்டை, ஒவ்வொண்ணையும் மெதுவா தொடுறதுலேர்ந்து ஓங்கி அடிக்கிறது வரைக்கும் 16 விதமா எடுத்திருக்காங்க. 30 பெருக்கல் 16, நோட்டுக்கு மட்டுமே 480 ரெக்கார்டிங் ஆச்சு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோல ஒரு நிமிஷம் சுமார் 17 எம்பி, இதுல தூரத்து மைக், பக்கத்து மைக்னு ரெண்டு மூணு செட் சேத்தா அப்படியே மடங்கு மடங்கா ஏறிரும். அப்போ பல ஜிபியில பாதி நீங்க தொடவே தொடாத மைக் பொசிஷனா கூட இருக்கலாம்.

50 எம்பிங்கிறது அனேகமா பியானோடெக் மாதிரி ஃபிசிக்கல் மாடலிங், அதுல ரெக்கார்டிங்கே கிடையாது, சுத்தி தந்தில பட்டு தந்தி பலகைய அதிர வைக்கிறத கணக்கா போட்டு அந்த நிமிஷமே சத்தத்த உருவாக்குது. பெடல் பாதி அழுத்துறது, ஒரு கட்டை அடிக்கும்போது பக்கத்து தந்தி லேசா அதிர்றது இதெல்லாம் அதுல ரொம்ப இயல்பா வரும். தனியா ஒரு பியானோ மட்டும் ஒலிக்கிற ட்யூனுக்கு எனக்கு நல்ல சாம்பிள் பியானோ தான் பிடிக்கும், பாட்டுல பத்து வாத்தியத்துக்கு நடுவுல உக்காரணும்னா எது லேசோ அது. எப்படி இருந்தாலும் வெலாசிட்டி கர்வ் செட்டிங்க (கட்டைய எவ்வளவு அழுத்தி அடிச்சா எந்த நம்பர் போகணும்ங்கிறது, அதிகபட்சம் 127) முதல்ல சரி பண்ணுங்க, உங்க கீபோர்டு எப்ப பாத்தாலும் 110, 120ன்னே அனுப்பிட்டிருந்தா அந்த 16 லேயர்ல மேல இருக்கிற சிலதுதான் உங்க காதுல விழும்.

கேள்வி: எந்த வயலின் போட்டாலும் கீபோர்டு சத்தம் மாதிரியே இருக்கு. நிஜமா கேக்க எந்த லைப்ரரி வாங்கணும்?

வாங்காதீங்க, இப்ப வேணாம். இருக்கிறத வெச்சே இத ஒரு தடவ பண்ணிப் பாருங்க. ஒரே ஒரு நோட்ட நாலு செகண்ட் பிடிங்க, மாடுலேஷன் வீல் (கீபோர்டு ஓரத்துல இருக்கிற உருளை) தொடாம. அப்புறம் அதே நோட்டுக்கு வீல் 30ல ஆரம்பிச்சு மெதுவா 95 வரைக்கும் ஏத்தி கடைசில 50க்கு இறக்கிக் கோடு வரைங்க. ரெண்டாவதுல வில்லு ஓடுற மாதிரி இருக்கும். பியானோல கட்டைய அடிச்ச பிறகு அந்த நோட்ட ஒண்ணும் பண்ண முடியாது, வயலின்ல வில்லு தந்தி மேல இருக்கிற வரைக்கும் சத்தம் வாசிக்கிறவர் கைலயே இருக்கு, அத வெலாசிட்டிங்கிற ஒரே நம்பர்ல அடக்க முடியாது. அதுக்குத்தான் சிசி1, சிசி11ன்னு ரெண்டு மிடி கன்ட்ரோல் (சிசி1 தான் அந்த மாடுலேஷன் வீல்), பெரும்பாலான ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரில முதலாவது அழுத்தம், ரெண்டாவது மொத்த ஏத்த இறக்கம்.

அடுத்தது கை. ரெண்டு கையால ஆறு நோட் கார்ட் பிடிச்சு ஸ்ட்ரிங்ஸ் பேட்ச்ல (லைப்ரரில ரெடியா இருக்கிற ஒரு சத்தம்) வாசிக்கிறீங்க, அது எப்பவுமே கீபோர்டாத்தான் கேக்கும். ஒவ்வொரு குரலையும் தனித்தனி ட்ராக்ல ஒத்தை ஒத்தை நோட்டா வாசிங்க, மேல வயலின், நடுவுல வயோலா, கீழ செல்லோ. லெகாட்டோ (நோட்டுகள இடைவெளி இல்லாம சேத்து வாசிக்கிறது) பேட்ச் இருந்தா ஒரு நோட் முடியுறதுக்கு கொஞ்சம் முன்னாடியே அடுத்தது தொடங்குற மாதிரி லேசா மேல மேல விழ விடுங்க, அப்பதான் அது ரெண்டு நோட்டையும் இழுத்து சேக்கும். ஸ்ட்ரிங்ஸ் சாம்பிள் மெதுவா எழும்புறதால தாளத்துக்கு பின்னாடி இழுக்கும், முழு ட்ராக்கையும் கொஞ்சம் மில்லிசெகண்ட் முன்னாடி தள்ளி காதுல கேட்டு சரி பண்ணுங்க. நடு சிக்கு கீழ இருக்கிற ஜி தான் வயலின்ல கடைசி தந்தி, அதுக்கும் கீழ நீங்க எழுதினா லைப்ரரி ஒலிச்சாலும் மனசு நம்பாது.

கமகம் வேணும்னு கேட்டவங்களுக்கு: பிட்ச் பெண்ட் (நோட்டோட ஸ்ருதிய மேல கீழ வளைக்கிறது) ரேஞ்ச் பெரும்பாலும் மேல கீழ ரெண்டு அரைஸ்வரம்னு தான் வெச்சிருப்பாங்க, அத இன்ஸ்ட்ருமென்ட் செட்டிங்ல 5 இல்ல 7ன்னு ஏத்திட்டு கோட்ட கையால வரைங்க, நேர் கோடா இல்லாம தொடங்கும்போது தயங்கி அப்புறம் வேகமா போய் ஸ்வரத்த லேசா தாண்டி திரும்புற மாதிரி. ரொம்ப அதிகமா ஏத்துனா சாம்பிள் இழுபட்டு பொம்மை சத்தம் ஆயிரும். இவ்வளவும் பண்ணியும் பத்தலன்னா ஸ்பிட்ஃபயரோட பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர், இல்லன்னா விஎஸ்சிஓ 2 கம்யூனிட்டி எடிஷன், கத்துக்க ரெண்டும் போதும்.

கேள்வி: ஃப்ரீ சின்த் ஒண்ணு சொல்லுங்க.

வைட்டல். 2020ல வந்தது, அலைவடிவம் மாறுறத கண்ணால பாத்துக்கிட்டே கத்துக்கலாம், ஃப்ரீ வெர்ஷன்லயும் இஞ்சின் முழுசா அதேதான், ப்ரீசெட் தான் கம்மி. எண்பதுகளோட அந்த மணி மாதிரி எலக்ட்ரிக் பியானோ வேணும்னா டெக்செட், 1983ல வந்த யமஹா டிஎக்ஸ்7 மாடல்ல செஞ்சது. சர்ஜ் எக்ஸ்டியும் அருமை, ஆனா ஒண்ண முடிச்சுட்டு போங்க.

கேள்வி: கட்டைய அமுக்குனா சத்தம் லேட்டா வருது. லேப்டாப் மாத்தணுமா?

மொதல்ல சொல்லுங்க, ப்ளூடூத் ஹெட்ஃபோனா? ஆமான்னா அதான் காரணம், அதுலயே 100 மில்லிசெகண்டுக்கு மேல போயிரும், வயர் ஹெட்ஃபோன் மாட்டுங்க, மீதி படிக்கத் தேவையே இருக்காது. அதுவும் இல்லன்னா பஃபர் சைஸ் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எவ்வளவு சத்தத்த சேத்து அனுப்பணும்ங்கிற செட்டிங்) பாருங்க. ஒரு செகண்டுக்கு 44,100 சாம்பிள் (இங்க சாம்பிள்ங்கிறது சத்தத்தோட ஒரு அளவெடுப்பு), பஃபர் 1024ன்னா கம்ப்யூட்டர் சுமார் 23 மில்லிசெகண்ட் சேத்து வெச்சுதான் அனுப்புது, 128ன்னா 2.9 தான். டிரைவரும் ஹார்ட்வேரும் இதோட கொஞ்சம் சேக்கும். வாசிக்கும்போது 128, படபடன்னு சத்தம் உடைஞ்சா 256, மிக்ஸ் பண்ணும்போது 1024, இப்படி மாத்தி மாத்தி வெச்சுக்கிறது தான் எல்லாரும் பண்றது. விண்டோஸ்ல சாதாரண டிரைவர விட்டுட்டு ஆசியோ டிரைவர் (லேட் இல்லாம சத்தம் அனுப்ப செஞ்ச டிரைவர்) எடுங்க, ஆடியோ இன்டர்ஃபேஸ் இல்லன்னா ஆசியோ4ஆல் போட்டுப் பாக்கலாம். அப்பவும் திணறுனா முடிஞ்ச ட்ராக்க எல்லாம் ஃப்ரீஸ் பண்ணிருங்க (தற்காலிகமா ஆடியோவா மாத்தி வெச்சா கம்ப்யூட்டருக்கு வேல குறையும்).

கேள்வி: கான்டாக்ட் ப்ளேயர்ல (சாம்பிள் லைப்ரரி ஓட்டுற ஃப்ரீ சாஃப்ட்வேர்) போட்ட லைப்ரரி கால் மணி நேரத்துல நின்னுருது, கெட்டுப் போச்சா?

இல்ல. ஃப்ரீ ப்ளேயர்ல, அதுக்குன்னு லைப்ரரி செஞ்ச கம்பெனியே லைசென்ஸ் வாங்கின லைப்ரரி மட்டும்தான் முழுசா ஓடும், மத்ததெல்லாம் 15 நிமிஷம் டெமோ. இறக்குறதுக்கு முன்னாடி "முழு கான்டாக்ட் தேவை"ன்னு இருக்கான்னு பாத்துருங்க.

கேள்வி: க்ராக் பண்ணது கிடைக்குது, கத்துக்க மட்டும் போட்டா என்ன?

போடாதீங்க. வைரஸ் ஒரு பக்கம், ஒரு அப்டேட்ல ப்ராஜெக்ட் மொத்தமும் திறக்காம போறது இன்னொரு பக்கம், எல்லாத்துக்கும் மேல அந்த வயலின உக்காந்து வாசிச்ச ஆளும் நம்ம மாதிரி மியூசிக் பண்றவர்தான். மேல சொன்ன ஃப்ரீ விஷயங்கள வெச்சே ஒரு ஆல்பம் பண்ணிரலாம்.

கேள்வி: பழைய ப்ராஜெக்ட் திறந்தா பாதி ட்ராக் சத்தமே இல்ல, ப்ளக்இன் காணோம்னு வருது. மீட்க வழி இருக்கா?

இது எனக்கும் நடந்திருக்கு, அதனால வலி தெரியும். ஒரு சின்ன கம்பெனியோட புல்லாங்குழல வெச்சு ஒரு ட்யூன் பண்ணேன், ரெண்டு வருஷம் கழிச்சு கம்ப்யூட்டர் மாத்துனப்ப அந்த இன்ஸ்ட்ருமென்ட் புது சிஸ்டத்துல ஓடல, அவங்களும் அத நிறுத்திட்டாங்க. மிடி நோட் மட்டும் இருந்துச்சு, ஆனா அந்த மூச்சு, அந்த இழுப்பு எல்லாம் அந்த சாம்பிளுக்குன்னு வரைஞ்சது, வேற குழல போட்டா ஒட்டவே இல்ல, ஒரு வாரம் உக்காந்து திரும்ப வரைஞ்சேன்.

உங்களுக்கு இப்ப பண்ண முடிஞ்சது, காணாம போன ப்ளக்இன் பேர எழுதி வெச்சுக்கிட்டு அதே வெர்ஷன் இன்ஸ்டாலர் கம்பெனி அக்கவுண்ட்ல இன்னும் இருக்கான்னு பாருங்க, நிறைய பேர் பழையத அங்க வெச்சிருப்பாங்க. கிடைக்கிற வரைக்கும் அந்த ப்ராஜெக்ட்ட அதே பேர்ல சேவ் பண்ணாதீங்க, சில சாஃப்ட்வேர்ல காலியான ப்ளக்இனோட செட்டிங் சேர்ந்து அழிஞ்சுரும், ஒரு காப்பி எடுத்து அதுல வேல பாருங்க. இனிமே ஒவ்வொரு ட்யூன் முடியும்போதும் ஒவ்வொரு ட்ராக்கையும் முதல் பார்லேர்ந்து தனித்தனி வேவ் ஃபைலா, மிடி ஃபைலோட சேத்து, ஒரு ஃபோல்டர்ல போட்டு வேற ட்ரைவ்ல ஒரு காப்பி வெச்சிருங்க.