செனட் கிடப்பில் போட்ட நீதிபதி நியமனத்தை நீதிமன்றம் தீர்த்து வைக்க முடியுமா?

அமெரிக்காவில், ஏறக்குறைய முடியாது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா இறந்தார். மார்ச் 16 அன்று அதிபர் ஒபாமா அந்த இடத்துக்கு மெரிக் கார்லண்டை முன்மொழிந்தார். நாடாளுமன்ற மேலவையான செனட் விசாரணையும் நடத்தவில்லை, வாக்கெடுப்பும் நடத்தவில்லை. 2017 ஜனவரி 3-ல் முன்மொழிவு காலாவதியானது. என்னைக் கேட்டால், அது பச்சையான கடமை தவறல்.

இடையில் நியூ மெக்சிகோ வழக்கறிஞர் ஒருவர், வாக்கெடுப்பு நடத்தச் சொல்லி வழக்குப் போட்டார். ஒரு வாக்காளராக அவருக்கென்று தனிப்பட்ட பாதிப்பு எதுவும் இல்லை என்று சொல்லி, வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் நவம்பரில் அதைத் தள்ளுபடி செய்தது.

சரி, கார்லண்டே நீதிமன்றத்துக்குப் போயிருந்தால்? அப்போதும் கஷ்டம்தான். செனட்டின் ஆலோசனையும் ஒப்புதலும் வேண்டும் என்கிற அரசியல் சாசனம், அதற்குக் கெடு எதுவும் வைக்கவில்லை. அவை நடைமுறையை அந்தந்த அவையே வகுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. எதை அளவுகோலாக வைத்து நீதிபதி தீர்ப்பு எழுதுவார்?

ஆனால் நியமனம் நடந்துவிட்டால் கதை வேறு. செனட்டின் ஒப்புதல் வாங்காமலே ஒபாமா தொழிலாளர் உறவு வாரியத்துக்கு மூன்று பேரை நியமித்தார். அந்த வாரியத்தின் முடிவால் பாதிக்கப்பட்ட நோயல் கேனிங் நிறுவனம் வழக்காடியது. 2014-ல் உச்ச நீதிமன்றம் அந்த நியமனங்கள் செல்லாது என்றது. ஒரு நீதிபதிகூட மாறுபடவில்லை.